அறை எதற்கு? பொழுதுபோக்காக ரேடியோவும் கணினியும் பழகியவர்களின் நூறாண்டுக் கதை

கடந்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். மோட்டார் ரூமை ஒட்டியுள்ள பழைய வாட்ச்மேன் அறையை என்ன செய்வது என்று முக்கால் மணி நேரம் பேசினோம். கூரியர் பார்சல்களை வாங்கி வைக்கலாம் என்றார் ஒருவர். இஸ்திரிக் கடைக்கு வாடகைக்கு விடலாம் என்றார் இன்னொருவர். அப்போது பின்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த பத்தாம் வகுப்பு மாணவி எழுந்து, “நாங்க நாலஞ்சு பேர் எலக்ட்ரானிக்ஸ் பழக அந்த ரூமைத் தருவீங்களா அங்கிள்?” என்று கேட்டாள். வீட்டில் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தாலே திட்டு விழுகிறதாம். கூட்டத்தில் சிரிப்பு. “அதெல்லாம் இப்ப யூடியூப்லயே கத்துக்கலாமே கண்ணு, ரூம் எதுக்கு?” என்றது ஒரு குரல். நேரமாகிவிட்டதால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

கேள்வி நியாயமானதுதான். உட்கார்ந்த இடத்திலேயே எல்லாப் பாடமும் கைக்குள் வருகிற காலத்தில் தனியாக ஓர் அறை எதற்கு? இதற்கு நம் ஊரின் பழைய கதையிலேயே பதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் அதைச் சொல்கிறேன். படித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.

ஒரு குழல் விளக்கின் சக்தியில் ஒலிபரப்பு

சென்னையில் வானொலி அரசாங்கத்தால் வந்தது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஒரு கிளப்பால் வந்தது.

1920களின் தொடக்கத்தில் ரேடியோ என்பது ஆர்வக்காரர்களின் கையில் இருந்த விளையாட்டு. 1921-ல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து, முகுல் போஸ் என்ற இருவர் சொந்த முயற்சியில் அமெச்சூர் நிலையங்கள் வைத்தார்கள். 1923-ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரேடியோ கிளப்புகள் ஒலிபரப்பத் தொடங்கின. மதராஸ் பின்தங்கவில்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பாகங்களை வைத்து ஒரு சிறிய ஒலிபரப்புக் கருவியை இங்கே பூட்டினார். அவரும் நண்பர்களும் சேர்ந்து 1924 மே 16 அன்று மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஜூலை 31 முதல் இசையும் பேச்சும் காற்றில் வந்தன.

கருவியின் சக்தி 40 வாட். நம் வீடுகளில் முன்பு எரிந்த நீளக் குழல் விளக்கு ஒன்றின் அளவு. பிறகு அதை 200 வாட்டாக உயர்த்தினார்கள். நாட்டிலேயே ஒழுங்கான வானொலி நிறுவனம் என்று எதுவும் அப்போது கிடையாது. பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி தொடங்கியதே 1927 ஜூலையில்தான். அதற்கு மூன்று வருடம் முன்பே இந்த ஊரில் சில பேர் தங்கள் சொந்தக் காசில் ஒலிபரப்பினார்கள்.

கேட்டவர்களும் செய்தவர்கள்தான்

ஒலிபரப்பினால் போதுமா, கேட்பதற்குப் பெட்டி வேண்டுமே? வால்வு ரேடியோ பணக்காரர்களுக்கானது. மற்றவர்களுக்குக் கிரிஸ்டல் செட் இருந்தது. அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

மாடியில் ஒரு நீளமான கம்பி ஏரியல். ஓர் அட்டைக் குழாயின் மேல் வரிசையாகச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். கலீனா எனப்படும் ஈயத்தாதுக் கல் ஒரு துண்டு. அதன் மேல் மெல்லத் தொடும் ஒரு நுண்ணிய கம்பி. அதை ஆங்கிலத்தில் பூனை மீசை என்றே அழைத்தார்கள். காதில் மாட்டும் ஒரு ஹெட்போன். தரையில் அடித்த இரும்புக் கழியிலிருந்து ஓர் எர்த் இணைப்பு. அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, மின் இணைப்பு கிடையாது. ஏரியலில் பட்ட பல அலைகளில் ஒன்றைச் சுருள் தேர்ந்தெடுக்கும். கல்லும் மீசையும் தொடும் இடத்தில் மின்சாரம் ஒரு பக்கமாக மட்டுமே எளிதில் பாயும். அதனால் அலையில் ஏறிவந்த ஒலி பிரிந்து ஹெட்போனுக்குப் போகும். அந்த ஒலிக்கான சக்தி முழுவதும் நிலையத்திலிருந்தே காற்றில் வந்த சக்தி. கலீனாவை மின்னலைகளை உணரப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவில் 1904-ல் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் நாள் ஹெட்போனில் சத்தமே வராது. சுருளில் எங்காவது எனாமல் சரியாகச் சுரண்டப்படவில்லையா? மீசை கல்லில் சரியான புள்ளியைத் தொடவில்லையா? எர்த் கழி காய்ந்த மண்ணில் நிற்கிறதா? அல்லது நிலையமே இன்னும் தொடங்கவில்லையா? நான்கு காரணத்துக்கும் விளைவு ஒன்றுதான்: மௌனம். தனி ஆள் இதில் ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்வான். பக்கத்தில் வேலை செய்கிற செட் ஒன்று இருந்தால், அதன் சுருளை எடுத்து இதில் போட்டுப் பார்த்துப் பத்து நிமிடத்தில் குற்றத்தைக் கண்டுபிடித்துவிடலாம். புத்தகம் வேலை செய்கிற கருவியைப் பற்றிச் சொல்லும். வேலை செய்யாத உங்கள் கருவியைப் பார்க்க இன்னொரு மனிதர் வேண்டும். கிளப் என்று ஒன்று தேவைப்பட்டது இதற்காகத்தான்.

மூன்று வருடத்தில் மூடியது

அந்தக் கிளப் நீடிக்கவில்லை. பண நெருக்கடியால் 1927-ல் ஒலிபரப்பு நின்றது. ஆர்வம் குறைந்து நிற்கவில்லை, செலவைத் தாங்க முடியாமல் நின்றது.

ஆனால் மூடும்போது அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கருவியை மதராஸ் மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் அதைத் தானே நடத்தியது. மாலை நேரத்தில் நிகழ்ச்சிகள் வந்தன. பள்ளிக் குழந்தைகளுக்கு இசைப் பாடமும் கதைகளும் ஒலிபரப்பானது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். ரேடியோ வாங்க முடியாதவர்களும் கடற்கரை மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். பம்பாய், கல்கத்தாவின் பெரிய கம்பெனி 1930-லேயே நொடித்துப்போனது. ஒரு நகராட்சி நடத்திய மதராஸ் வானொலியோ தொடர்ந்தது. 1938 ஜூன் 16 அன்று எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்படும் காலம் வரை அந்தச் சங்கிலி வந்தது. அதன் முதல் கண்ணி நாலு நண்பர்கள் பூட்டிய 40 வாட் கருவி.

தெரிந்தவன் மேல் சந்தேகம்

ரேடியோ செய்யத் தெரிந்தவர்களை அரசாங்கம் எப்போதும் ஒரு கண் வைத்தே பார்த்தது. 1933-ல் வந்த வயர்லெஸ் சட்டப்படி, உரிமம் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம். 1939-ல் உலகப் போர் தொடங்கியதும் அமெச்சூர்களின் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. ஒலிபரப்புக் கருவிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் தலைவர்கள் எல்லாரும் சிறைக்குப் போன பிறகு, பம்பாயில் காங்கிரஸ் ரேடியோ என்ற ரகசிய நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. 22 வயது உஷா மேத்தாவும் தோழர்களும் அதை நடத்தினார்கள். கருவியை அமைத்துக் கொடுத்தவர் நரிமன் பிரிண்டர் என்ற ரேடியோ ஆர்வலர். போலீஸ் கண்ணில் படாமல் வீடு வீடாக இடம் மாற்றினார்கள். நவம்பரில் பிடிபடும்வரை பத்திரிகைகளில் வராத செய்திகளை நாடு அதில் கேட்டது. பொழுதுபோக்காகக் கற்றது எந்த நேரத்தில் எதற்குப் பயன்படும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கோவையில் ஒருவர்

தனி ஆளாகக் கற்றவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஜி.டி. நாயுடு என்ற பெயர் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மறக்காது. 1893-ல் கோவை மாவட்டம் கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு சரி. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஹோட்டல் வேலை செய்து பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். ஓட்டுவதற்கு முன் முழுவதும் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டினார். பிற்காலத்தில் பஸ் கம்பெனி, மோட்டார் உற்பத்தி, மின்சார ரேஸர், மலிவு விலை வால்வு ரேடியோ என்று எத்தனையோ செய்தார்.

அப்படிப்பட்டவரும், தான் கற்ற மாதிரியே எல்லாரும் தனியாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடவில்லை. 1945-ல் கோவையில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் தொடங்க முன்னின்றார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அதுதான். மேசையும் கருவியும் கிடைக்காமல் எத்தனை பேரின் ஆர்வம் அணைந்துபோகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரிச்சி தெருவின் பாடம்

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் இனித் தேவையில்லை. டார்ச் பேட்டரியே போதும். அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தப் பொழுதுபோக்கு மாணவர்களின் கைக்கு வந்துவிட்டது. 1969-ல் டெல்லியிலிருந்து எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ மாத இதழ் வரத் தொடங்கியது. தமிழில் கலைக்கதிர் போன்ற இதழ்கள் அறிவியலைச் சொல்லித்தந்தன. 1972-ல் 555 என்ற டைமர் ஐசி விற்பனைக்கு வந்தது. எட்டுக் கால் பூச்சி போன்ற அந்தச் சிறு சில்லைக் கொண்டு விளக்கைச் சிமிட்ட வைக்கலாம், மணி அடிக்கலாம், தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் கூவ வைக்கலாம். ஐம்பது ஆண்டு கழிந்தும் இன்றைக்கும் அதே ஐசியில்தான் பிள்ளைகள் பழகத் தொடங்குகிறார்கள்.

இதெல்லாம் சென்னையில் வாங்கக் கிடைத்த இடம், அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ரிச்சி தெருவும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும். எழுபது, எண்பதுகளில் இங்கே படித்தவர்களுக்கு அந்தத் தெருவின் வாசனையே நினைவிருக்கும். கையில் இதழிலிருந்து படியெடுத்த சர்க்யூட்டோடு போய் நிற்போம். “பி.சி. 148 இல்ல தம்பி, 548 போடு, ஓடும்” என்பார் கல்லாவில் இருப்பவர். பள்ளியில் யாரும் சொல்லித்தராத பாடம் அது: ஒன்றுக்குப் பதில் எதைப் போடலாம், ஏன் போடலாம் என்பது. ரெசிஸ்டரின் வண்ண வளையங்களைப் பார்த்த மாத்திரத்தில் மதிப்பைச் சொல்லும் கடைப் பையன்கள் இருந்தார்கள். நமக்குப் பொழுதுபோக்காக இருந்தது அவர்களுக்குத் தொழில். ஆனாலும் கேட்டால் சொல்லித்தருவார்கள், கூட்டமில்லாத நேரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிளப் இல்லாத காலத்தில் அந்தத் தெருவே கிளப்பாக இருந்தது.

கணினியும் அப்படியேதான் வந்தது

1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 கணினி வந்தது. தெருவில் போகிற ஆள் அதைத் தொட்டுப்பார்க்க முடியாது. கணினியைச் சாதாரண ஆர்வக்காரனின் மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் வேறு ஓர் ஊரில், நம் மதராஸ் கிளப்பைப் போலவே கூடியவர்கள்.

1975 ஜனவரியில் அமெரிக்காவின் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழ் ஆல்டேர் 8800 என்ற கணினியை அட்டைப்படமாகப் போட்டது. தபாலில் வரும் உதிரிபாகங்களை வாங்குபவரே பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டி முடித்தாலும் திரை இல்லை, கீபோர்டு இல்லை; முன்பக்கத்தில் சுவிட்சுகளும் சிறு விளக்குகளும் மட்டுமே. வாங்கியவர்கள் திகைத்தார்கள். அவர்களில் சிலர் அந்த மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் கூடினார்கள். அதுதான் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப். ஒரு கூட்டத்துக்கு ஸ்டீவ் டோம்பியர் என்பவர் ஆல்டேரோடு ஒரு சாதாரண ரேடியோவையும் கொண்டுவந்தார். கணினி ஓடும்போது பக்கத்து ரேடியோவில் கரகர சத்தம் வருவதைக் கவனித்திருந்தார். நிரலை மாற்றி மாற்றி அந்தக் கரகரப்பையே ஒரு பீட்டில்ஸ் பாட்டாக இசைக்க வைத்தார். ஒரு தொந்தரவைக் கவனித்து அதிலிருந்து ஒரு வித்தை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு தெம்பு கொடுத்திருக்கும்!

அந்தக் கிளப்பில் ஸ்டீவ் வோஸ்னியாக் என்ற இளைஞரும் இருந்தார். தான் வடிவமைத்த கணினியின் சர்க்யூட்டைப் படியெடுத்து உறுப்பினர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். அதுவே 1976-ல் ஆப்பிள் 1 ஆனது. பிற்காலக் கோடிகளைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அந்தக் கோடிகளுக்கு முன் ஒரு ஷெட்டும், தங்கள் தவறுகளைக் கூச்சமில்லாமல் கொண்டுவந்து காட்டியவர்களும் இருந்தார்கள்.

நம் நாட்டில் 1984-ல் கிளாஸ் என்ற திட்டத்தின்கீழ் முதலில் 250 பள்ளிகளுக்குப் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வந்தன. இங்கிலாந்தில் ஒரு தலைமுறையே அந்தக் கணினியில் பேசிக் மொழி பழகி வளர்ந்தது. பிறகு கணினிகள் சுலபமாகிவிட்டதால், கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதிப் பார்த்த அனுபவம் குறைந்துவிட்டதே என்று கேம்பிரிட்ஜில் சிலர் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையிலிருந்து 2012-ல் வந்ததுதான் உள்ளங்கை அகல ராஸ்பெரி பை. அதற்கு முன்பே, 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் மாணவர்களுக்காக ஆர்டுயினோ உருவானது. அதன் சர்க்யூட்டை யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம் என்று வெளியிட்டார்கள். அதனால்தான் இன்று ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு அதன் நகல் கிடைக்கிறது.

இந்தக் கட்டுரையைத் தமிழில் படிப்பது எப்படி?

இந்த இதழை உங்கள் போனில் தமிழில் படிக்கிறீர்கள். இது தானாக நடந்ததல்ல. பெரிய கம்பெனிகள் தமிழைப் பொருட்படுத்தாத காலத்தில், வேறு வேலையில் இருந்தவர்கள் தங்கள் இரவுகளைச் செலவழித்துச் செய்தது.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். ஆப்பிள் கணினிகளில் இருக்கும் இணைமதி எழுத்துரு அவர் கைவண்ணம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கவும் காரணமானார். சங்க இலக்கியம் முதல் பிற்காலப் படைப்புகள் வரை ஊர் ஊராக இருந்த தமிழர்கள் தட்டச்சு செய்து அனுப்ப, எல்லாம் இணையத்தில் ஏறின. ஆளுக்கு ஒரு குறியேற்றம், ஆளுக்கு ஒரு விசைப்பலகை என்ற குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. இடது கையில் உயிர், வலது கையில் மெய் என்று இன்று பலர் தட்டும் தமிழ்99 விசைப்பலகை அதன் விளைவு.

இவர்கள் ஒரே அறையில் உட்காரவில்லைதான். கடல் தாண்டிக் கடிதங்களிலும் மின்னஞ்சலிலும் கூடினார்கள். ஆனாலும் செய்தது அதே வேலை: என் திரையில் கொம்பு தள்ளிப்போகிறது, உன் திரையில் எப்படித் தெரிகிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுத் திருத்தியது.

எல்லாம் அடங்கிப்போகும் நாளில்

உரிமம் பெற்று அலைவரிசையில் பேசும் ரேடியோ ஆர்வலர்களை ஹாம் என்பார்கள். இந்திய ஹாம்களின் அழைப்புக்குறி வி.யு. என்று தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். இவர்களுக்காகவே 2005 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் என்ற சிறு செயற்கைக்கோளை இஸ்ரோ அனுப்பியது. சாதாரண நாட்களில் இவர்கள் செய்வது தூர தேசத்து ஆளோடு நாலு வார்த்தை பேசி, பேசியதற்குச் சாட்சியாக அஞ்சலட்டை மாற்றிக்கொள்வது. இதில் என்ன பிரயோஜனம் என்று வீட்டில் கேட்பார்கள்.

1999 ஒடிசா புயலிலும் 2001 குஜராத் நிலநடுக்கத்திலும் பிரயோஜனம் தெரிந்தது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், பல ஆண்டுகளாக ஹாம் குரலே கேட்காத அந்தமானிலிருந்து பேச வேண்டும் என்ற ஆசையில் ஒரு குழுவோடு போர்ட் பிளேர் போயிருந்தார். டிசம்பர் 26 காலை பூமி அதிர்ந்தது, சுனாமி வந்தது, தொலைபேசிகள் அடங்கின. விளையாட்டாக விரித்த ஏரியல் அன்றே தீவுகளின் நாக்கானது. யார் உயிரோடு இருக்கிறார்கள், எங்கே மருந்து வேண்டும் என்ற செய்திகள் அந்தக் கருவிகள் வழியே போயின.

அவ்வளவு தூரம் போவானேன். 2015 டிசம்பரில் நம் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதே. கரண்ட் இல்லை. இரண்டாம் நாள் எல்லார் செல்போனும் அணைந்துவிட்டது. அப்போது பி பிளாக் இரண்டாம் மாடியில் இருந்த ஒருவர், ரேடியோவைக் கழற்றி மாட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருந்தவர், தன் பைக்கின் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோனார். டப்பாவிலிருந்து 7805 என்ற மூன்று கால் ஐசியை எடுத்தார். பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைத்துத் தரும், பத்து இருபது ரூபாய்ப் பொருள். அது சூடாகும் என்பதால் ஓர் அலுமினியத் தகட்டில் திருகி, பழைய சார்ஜர் வயரை இணைத்தார். மாடிப்படியில் வரிசை நின்றது. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். பிரசவத்துக்கு நாள் குறித்திருந்த பெண் வீட்டுக்கு முதலில். அவர்கள் போன் உயிர்பெற்று, படகு வந்து, அந்தப் பெண் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். அந்தக் குழந்தை இன்று நம் வளாகத்தில் சைக்கிள் ஓட்டுகிறது.

அவர் இப்போது மகனோடு பெங்களூரில் இருக்கிறார். பி பிளாக் வீட்டில் வேறு குடும்பம். மறுபடி அப்படி ஒரு ராத்திரி வந்தால் அந்த மூன்று கால்களில் எது உள்ளே, எது வெளியே, எது எர்த் என்று நம் 96 வீட்டில் யாருக்குத் தெரியும்? வீடியோ பார்த்துக் கற்கலாம் என்றால், வீடியோ பார்க்க அன்று போனில் சார்ஜ் இருக்காது.

அறைக்கு என்ன வேண்டும்

யூடியூபைக் குறை சொல்லவில்லை. 1924-ல் அப்படி ஒன்று இருந்திருந்தால் கிருஷ்ணசாமி செட்டியும் விடாமல் பார்த்திருப்பார். ஆனால் பார்த்து முடித்த பிறகு, எல்.ஈ.டி. எரியவில்லையே என்று ஒரு பிள்ளை விழிக்கும்போது, “திருப்பிப் போட்டிருக்க, பாரு” என்று சொல்லப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அந்த ஒரு வார்த்தை கிடைக்காமல்தான் பாதிப் பேர் இரண்டாம் நாளே டப்பாவை மூடி வைத்துவிடுகிறார்கள்.

அறைக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு நீளமான மேசை, நாலு ஸ்டூல். ஸ்டாண்டோடு இரண்டு சால்டரிங் அயர்ன். ஒரு மல்டிமீட்டர். பிரெட்போர்டுகள், கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், 555 ஐசி. சால்டரிங் புகை வெளியேற ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். நம் பொங்கல் விழாவுக்குப் போடும் பந்தல் செலவில் பாதிகூட ஆகாது. விதிகள் சில கட்டாயம் வேண்டும்: பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் எதையும் தொடக்கூடாது, சுவர் பிளக்கில் அயர்னைத் தவிர எதையும் செருகக்கூடாது, பெரியவர் ஒருவர் இல்லாமல் கதவு திறக்கக்கூடாது, சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும். சனிக்கிழமை மாலை நான்கிலிருந்து ஆறு வரை போதும். நம் வளாகத்திலேயே ஓய்வுபெற்ற டெலிபோன் துறைக்காரர்கள் இரண்டு பேர், மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை ஆளுக்கு இரண்டு மணி நேரம் தந்தால் நடந்துவிடும். நான் முதல் மாதத்துக்குப் பெயர் கொடுக்கிறேன். ஆசைப்படும் பிள்ளைகள் பின்னால் ஹாம் உரிமத் தேர்வும் எழுதலாம்; 12 வயது நிரம்பியிருந்தால் போதும்.

மதராஸ் கிளப்பைப் போல இதுவும் மூன்று வருடத்தில் மூடிப்போகலாம். போகட்டும். அவர்கள் மூடும்போது கருவி மாநகராட்சிக்குப் போயிற்று, கடற்கரையில் ஊரே உட்கார்ந்து பாட்டுக் கேட்டது. நம் மேசையும் மல்டிமீட்டரும் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போகட்டுமே.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே வைக்கலாம் என்றிருக்கிறேன். அதுவரை ஒரு வேண்டுகோள். வீட்டில் பாடாத டிரான்சிஸ்டர் ரேடியோ, ஓடாத பொம்மைக் கார், பழுதான பேட்டரி டார்ச் கிடந்தால் காயலான் கடைக்குப் போடாமல் வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள். பழைய பிக்சர் டியூப் டிவி மட்டும் வேண்டாம். அணைத்து வைத்த பிறகும் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவுக்கு அதில் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.